களத்தில் இறங்குமுன் இதயத்துக்கு ஒரு தேர்வு



மேலே படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டின்மேல் வலது கையின் இரண்டு விரல்களை மெல்ல அழுத்துங்கள். நாடி தட்டுகிறதா? கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரும்பாலும் 60-க்கும் 100-க்கும் இடையே ஓர் எண் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடுங்கள். மறுபடியும் எண்ணுங்கள். இப்போது 120, 130 என்று எண் ஏறியிருக்கும்.

உங்களைக் கேட்காமலேயே உங்கள் இதயம் தன் வேலையைக் கூட்டிக்கொண்டுவிட்டது! வளர்ந்த மனிதர் ஓய்வாக இருக்கும்போது அவருடைய இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அவரே மூச்சிரைக்க ஓடும்போது அது 20 லிட்டர்வரை உயர்கிறது. நிமிடத்துக்கு ஒரு பெரிய வாளி நிறைய! நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரரிடம் இன்னும் அதிகம்.

நெடுந்தூரம் செல்லும் பஸ்ஸைப் புறப்படுமுன் சோதித்துப் பார்க்கிறார்கள். அப்படியானால் பந்தயத்தில் ஓடப் போகும், கால்பந்து ஆடப் போகும் மாணவரின் இதயத்தையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டாமா? கேள்வி எளியது. விடைதான் எளிதாக இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் மருத்துவர்கள் இதைப் பற்றி வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தை நாமும் சற்றுக் கேட்போமா?

கோபன்ஹேகனில் ஒரு மாலை

2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் இடையே கால்பந்துப் போட்டி. முதல் பாதி முடியும் நேரம். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பக்கக் கோட்டருகே பந்தை வாங்க வந்தார். யாரும் மோதவில்லை, இடறவும் இல்லை. அப்படியே முன்புறமாகச் சாய்ந்து விழுந்தார். அவருக்கு வயது 29.

அவருடைய இதயம் நின்றுவிட்டது. உதவிக்கு ஓடிவந்தவர்கள் அவர் மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். தோழர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். மின்னதிர்ச்சிக் கருவி கொண்டுவரப்பட்டது. அதன் அதிர்ச்சியால் இதயம் மீண்டும் ஒழுங்காகத் துடித்தது. மைதானத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லும்போதே அவருக்கு நினைவு திரும்பிவிட்டது!

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எரிக்சன் இங்கிலாந்தில் ஆடிய ஆண்டுகளில் அவருடைய இதயம் முறையாகச் சோதிக்கப்பட்டு வந்தது. அந்தச் சோதனைகளில் கோளாறு எதுவும் தென்படவில்லை.

அப்படியானால் சோதனையால் பயனே இல்லையா? அவசரப்பட வேண்டாம். இதயத்தில் என்னென்ன கோளாறுகள் வரலாம் என்பதை முதலில் பார்ப்போம்.

கட்டிடமும் மின்சாரமும்

உங்கள் இதயத்தை ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். நடுவே கதவுகளைப்போல் வால்வுகள். வீட்டுக்கு மின்சாரமும் உண்டு. வலது மேலறையின் சுவரில் உள்ள சைனஸ் முடிச்சு என்ற சிறு பகுதியில் மின்துடிப்பு பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு நொடிப்பொழுது தயங்கி, பின்பு தனி இழைகள் வழியாகக் கீழறைகளை அடைகிறது. மின்துடிப்பு சென்ற இடமெல்லாம் தசை சுருங்குகிறது. அந்தச் சிறு தயக்கம் எதற்குத் தெரியுமா? மேலறைகள் சுருங்கி, கீழறைகள் நிரம்புவதற்கு அவகாசம் தருவதற்காகத்தான்.

ஆகவே இதயத்தில் இரண்டு வகைக் கோளாறுகள் வரலாம். ஒன்று கட்டிடத்தில், மற்றொன்று மின்சாரத்தில்.

கட்டிடக் கோளாறுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வளர்ந்தவர்களின் இடது கீழறைச் சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உடையது. சிலருக்குப் பிறவிக் கூறு காரணமாக இச்சுவர் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேலாகத் தடித்துவிடுகிறது. அதன் தசைநார்களும் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. 1958ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த டொனால்ட் டியர் என்ற மருத்துவர் இளம் வயதினர் எட்டுப் பேரின் இதயங்களை ஆராய்ந்து இந்நோயை விவரித்து எழுதினார். இன்று ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இக்கூறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் முதுமைவரை வாழ்கிறார்கள். சிலருக்கோ கடும் ஓட்டத்தின்போது மின்துடிப்பு தடம் புரண்டுவிடுகிறது. காமரூன் நாட்டுக் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 2003ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவருக்கு இருந்தது இந்நோயே.

மின்சாரக் கோளாறில் கட்டிடம் நன்றாகவே இருக்கும். இதயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தின் மின்கலன்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும் அல்லவா? சிலருக்கு இது மெதுவாக நடக்கிறது. இதை நீண்ட க்யூ-டி நோய் என்பார்கள். நீச்சலின்போதோ, திடீரென மணி ஒலிக்கும்போதோ இவர்கள் மயங்கி விழக்கூடும்.

எந்தக் கோளாறு ஆனாலும் இறுதியில் நிகழும் ஆபத்து பெரும்பாலும் ஒன்றே. கீழறைத் தசைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல், ஒவ்வொரு நாரும் தன்போக்கில் நடுங்கத் தொடங்குகின்றன. நடுங்கும் இதயம் இரத்தத்தை இறைப்பதில்லை. சில விநாடிகளில் நினைவு போய்விடுகிறது. முதியோருக்கு இரத்தக் குழாய் அடைத்து வரும் மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. மாரடைப்பு குழாய் அடைப்பதால் வருவது. இது மின்சாரம் குழம்பி இதயமே நின்றுபோவது.

பயந்துவிடாதீர்கள்! இது மிக அரிதாக நிகழ்வது. இக்கட்டுரையில் நீங்கள் காணப்போகும் கணக்குகளில் எதுவும் ஆண்டுக்கு இலட்சம் இளம் வீரர்களில் ஏழு பேரைத் தாண்டவில்லை. விளையாடாமல் உட்கார்ந்தே இருப்பதால் உடலுக்கு வரும் கேடு இதைவிட மிகப் பெரியது.

உப்புநீரில் கைகள்

இதயத்தின் மின்சாரத்தை வெளியிலிருந்தே பார்க்கும் வழியைத் தந்தவர் ஹாலந்து நாட்டின் லைடன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி சுமார் 270 கிலோ எடை கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் கைகளையும் ஒரு காலையும் விட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார். காந்தப் புலத்தின் நடுவே கட்டிய மெல்லிய இழை ஒன்று, இதயத்தின் மின்துடிப்புக்கு ஏற்ப அசையும். அந்த அசைவின் நிழலைப் படமாகப் பதிவு செய்தார்கள். அதில் கண்ட மேடு பள்ளங்களுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று ஐந்தோவன் இட்ட பெயர்களைத்தான் இன்றும் மருத்துவர்கள் வழங்குகிறார்கள். 1924ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அன்று ஓர் அறையை அடைத்த அந்தக் கருவிதான் இன்று பள்ளிப் பையில் அடங்கும் ஈ.சி.ஜி. கருவி. வலி இல்லை, ஊசி இல்லை. பத்து நிமிடத்தில் படம் கையில் கிடைத்துவிடும்.

ஆனால் படத்தைப் படிப்பதில்தான் சிக்கல். பயிற்சி பெற்ற இதயம் மற்ற இதயங்களைப்போல் இருப்பதில்லை. 1899ஆம் ஆண்டிலேயே சுவீடன் மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்கள் இதயம் பெரிதாகியிருப்பதைக் கண்டறிந்தார். பயிற்சியால் இதயத்தின் அறைகள் விரிகின்றன, சுவர் சற்றே தடிக்கிறது, ஓய்வுநேர நாடி 50-க்கும் கீழே போகிறது. இவை நோய் அல்ல, உழைப்பின் பரிசு. ஆனால் ஈ.சி.ஜி. தாளில் இந்தப் பரிசும் சில சமயம் நோயைப்போலவே தோன்றும்! எது பயிற்சியின் அடையாளம், எது நோயின் அடையாளம் என்று பிரித்தறியப் பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2017ஆம் ஆண்டு பொதுவான விதிகளை வெளியிட்டார்கள்.

நாட்டுக்கு நாடு வேறு விடை

இத்தாலியில் போட்டிகளில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் இதயச் சோதனை செய்துகொள்ள வேண்டும், அதில் ஈ.சி.ஜி.யும் உண்டு என்று 1982ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக்கினார்கள். பதுவா நகர மருத்துவர்கள் அதன் விளைவை 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவர்களுடைய வெனட்டோ மாநிலத்தில் 12 முதல் 35 வயதுவரையான வீரர்களிடையே திடீர் இதய மரணம் 1979-80இல் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 3.6 ஆக இருந்தது. 2003-04இல் அது 0.4 ஆகக் குறைந்திருந்தது. பத்தில் ஒன்பது பங்கு குறைவு! உலகமே திரும்பிப் பார்த்தது.

இஸ்ரேலும் 1997ஆம் ஆண்டு இதைப் போன்ற சட்டம் இயற்றியது. அங்கே சட்டத்துக்கு முந்திய 12 ஆண்டுகளையும் பிந்திய 12 ஆண்டுகளையும் ஒப்பிட்டு 2011ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். முன்பு இலட்சத்துக்கு 2.54. பின்பு 2.66. குறையவே இல்லை!

எது சரி? இங்கேதான் நீங்கள் விஞ்ஞானியைப்போல் சிந்திக்க வேண்டும். அரிதாக நிகழும் ஒன்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கும். இத்தாலியின் கணக்கில் சோதனை பரவலாவதற்கு முந்திய ஆண்டுகள் மிகச் சில. அவை தற்செயலாக மரணம் மிகுந்த ஆண்டுகளாக இருந்திருக்கலாம் என்றனர் இஸ்ரேல் ஆய்வாளர்கள். தங்கள் நாட்டிலும் சட்டத்துக்கு முந்திய இரண்டே ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், சட்டத்தால் பெரும் பயன் விளைந்ததுபோலவே தோன்றும் என்று சுட்டிக்காட்டினார்கள்.

ஜப்பான் வேறொரு வழியில் சென்றது. அங்கே வீரர்களை மட்டும் சோதிப்பதில்லை. பள்ளிகளில் இதயச் சோதனை 1973ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. 1995ஆம் ஆண்டிலிருந்து தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி ஆகிய ஒவ்வொன்றின் முதல் வகுப்பிலும் எல்லா மாணவருக்கும் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். அமெரிக்காவின் இதயச் சங்கமோ, பெருந்தொகையினருக்கு ஈ.சி.ஜி. கட்டாயம் என்று சொல்லவில்லை. 14 குறிப்புகள் கொண்ட கேள்வி-சோதனைப் பட்டியல் ஒன்றைப் பரிந்துரைக்கிறது.

இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களைச் சோதித்தார்கள். சராசரி வயது பதினாறு. கேள்விகள், உடற்சோதனை, ஈ.சி.ஜி., கேளா ஒலியால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எல்லாம் உண்டு. 42 பேருக்கு ஆபத்தான கோளாறு இருந்தது தெரிந்தது. அவர்களில் பலர் சிகிச்சை பெற்று மீண்டும் ஆட வந்தார்கள். இது சோதனையின் வெற்றி. ஆனால் பின்னர் எட்டு வீரர்கள் இதயக் கோளாறால் திடீரென இறந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் சோதனையில் 'குறையில்லை' என்று தேறியவர்கள்! சில நோய்கள் பதினாறு வயதில் இன்னும் முகம் காட்டுவதில்லை. வயது ஏறும்போதுதான் வெளிப்படுகின்றன.

ஒரு கணக்கு

பென்சிலை எடுங்கள். ஒரு மாவட்டத்தில் 10,000 மாணவ வீரர்களுக்கு ஈ.சி.ஜி. எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேருக்கு உண்மையிலேயே கோளாறு உண்டு. அந்த முப்பதில் 20 பேரை ஈ.சி.ஜி. பிடித்துவிடுகிறது என்போம். நலமாக உள்ள 9,970 பேரில் நூற்றுக்கு மூவரைத் தவறாகச் சந்தேகிக்கிறது என்போம். இவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள்தாம்.

சந்தேகத்தின்பேரில் அழைக்கப்படுவோர் எத்தனை பேர்? உண்மை நோயாளிகள் 20. நலமாக இருந்தும் அழைக்கப்படுவோர் சுமார் 300. ஆக 320. அதாவது அழைக்கப்படும் 16 பேரில் ஒருவருக்குத்தான் நோய்! மற்ற பதினைந்து பேரும் எக்கோ முதலிய மேற்சோதனைகள் முடியும்வரை கவலையோடு காத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், தப்பிவிட்ட 10 பேர் 'நமக்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருப்பார்கள்.

சோதனை வேண்டாம் என்று இக்கணக்கு சொல்லவில்லை. இருபது பேரைக் காப்பது சிறிய செய்தியா? ஆனால் 'சந்தேகம்' என்று வந்தால் அது நோய் என்று பொருள் ஆகாது. 'குறையில்லை' என்று வந்தால் அது உத்தரவாதமும் ஆகாது. இந்த இரண்டையும் மறவாதீர்கள்.

உங்களிடம் மட்டுமே உள்ள விடை

எந்தக் கருவியும் அறியாத சில செய்திகள் உங்களுக்கு மட்டும் தெரியும். பின்வரும் கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஓடும்போதோ விளையாடும்போதோ எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? வெயிலில் நெடுநேரம் நின்று மயங்குவது வேறு. ஓட்டத்தின் நடுவே நினைவு தப்புவது வேறு. பின்னது எச்சரிக்கை.

விளையாடும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்ததுண்டா? உடன் ஓடுவோரைவிட மிக விரைவில் மூச்சு வாங்குகிறதா? காரணமின்றி நெஞ்சு படபடத்ததுண்டா?

குடும்பத்தில் யாரேனும் 50 வயதுக்குமுன் திடீரென இறந்ததுண்டா? நன்றாக நீந்தத் தெரிந்த உறவினர் நீரில் மூழ்கி இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீண்ட க்யூ-டி நோயைப் பற்றி மேலே படித்தீர்கள் அல்லவா?

நம் நாட்டு மாணவர் சேர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. சிறுவயதில் தொண்டைப்புண் வந்து, சில வாரங்களில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் கண்டதுண்டா? இது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். இது இதய வால்வுகளைக் கெடுக்கும். மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாலே பல சமயம் வால்வின் குறை காதில் விழுந்துவிடும். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் பிறவி இதய நோய்களையும் இந்நோயையும் தேடுகிறார்கள். அவர்கள் வரும் நாளில் விடுப்பு எடுத்துவிடாதீர்கள்.

இவற்றுள் எதற்கேனும் 'ஆம்' என்பது விடையானால் பெற்றோரிடமும் உடற்பயிற்சி ஆசிரியரிடமும் சொல்லுங்கள். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். "சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்களே, மாவட்டப் போட்டி வருகிறதே" என்று மறைத்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் இயல்பானதுதான். ஆனால் இதயக் கோளாறு என்றாலே விளையாட்டு முடிந்தது என்று பொருளல்ல. சில மின்கோளாறுகளைக் குழாய் வழியே உள்ளே சென்று சுட்டு நீக்கிவிடலாம். சிலவற்றை மாத்திரையால் அடக்கலாம். மார்புக்குள் சிறு பாதுகாப்புக் கருவி பொருத்திக்கொண்ட எரிக்சன், எட்டு மாதங்களில் மீண்டும் களத்தில் இறங்கினார். 2024ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் தம் நாட்டுக்காகக் கோலும் அடித்தார். சிலருக்கு ஓட்டத்தை விட்டு வேறு விளையாட்டுக்கு மாற நேரலாம். அது வருத்தமே. ஆனால் அந்த முடிவைச் சோதித்த மருத்துவர் எடுக்கட்டும். சோதிக்காத நாம் எடுக்க வேண்டாம்.

தோழன் விழுந்தால்

எல்லாச் சோதனைகளையும் தாண்டி ஒருவர் விழக்கூடும் என்பதைப் பார்த்தோம். அப்போது அவரைக் காப்பது அருகில் நிற்பவரே. அது நீங்களாக இருக்கலாம்.

2011ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவி ஓட்டப் பயிற்சி முடிந்ததும் விழுந்தாள். அவள் மூச்சு விடுவதாகப் பெரியவர்கள் எண்ணினார்கள். பள்ளியில் மின்னதிர்ச்சிக் கருவி இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை. மறுநாள் அவள் இறந்தாள். இதயம் நின்ற பின்பும் சிறிது நேரம் வாய் திறந்து திறந்து மூடும், கொறட்டைபோல் ஒலி வரலாம். அது மூச்சு அல்ல. இந்த உண்மையையும், ஐயம் இருந்தால் இதயம் நின்றதாகவே கொண்டு செயல்பட வேண்டும் என்பதையும் அதன்பின் அந்நகரப் பள்ளிகள் தம் வழிகாட்டியில் சேர்த்துக்கொண்டன.

ஆகவே விழுந்தவர் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, இயல்பாக மூச்சு விடவில்லை என்றால் காத்திராதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் மார்பின் நடுவில் ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விடட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. களைத்தால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். மின்னதிர்ச்சிக் கருவி அருகில் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அக்கருவியே குரல் கொடுத்துச் சொல்லும். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்துவரை குறைக்கிறது.

தொடக்கத்தில் குறித்த இரண்டு எண்களைப் பாருங்கள். இப்போது நாடியை மூன்றாம் முறை எண்ணுங்கள். முதல் எண்ணுக்கு அருகில் இறங்கி வந்திருக்கும். இன்று மாலை வீட்டில் பாட்டியிடமோ பெற்றோரிடமோ, மேலே கண்ட குடும்பக் கேள்வியைக் கேளுங்கள். நாளை உடற்பயிற்சி ஆசிரியரிடம், "ஐயா, மார்பை அழுத்தும் முதலுதவியை எங்களுக்குக் கற்றுத் தர ஏற்பாடு செய்வீர்களா?" என்று கேளுங்கள். பிறகு வழக்கம்போல் ஓடப் போங்கள்!